தையல் கசிந்துவிட்டது, இனி அப்பாவுக்கு?

கேள்வி:

டாக்டர் ஐயா, வணக்கம். நாங்கள் மும்பை தாராவியில், தொண்ணூறு அடி சாலைப் பக்கம் இருக்கிறோம். பூர்வீகம் திருநெல்வேலி மாவட்டம். அப்பாவுக்கு 62 வயது, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மலத்தில் ரத்தம் போனதை மூலம் என்று நினைத்து ஆறு மாதம் நாட்டு மருந்து சாப்பிட்டார். அப்புறம் கொலோனோஸ்கோபி செய்து, மலக்குடலின் மேல்பகுதியில் புற்று என்றார்கள். போன ஜூனில் ஆபரேஷன். ஐந்து நாள் நன்றாக இருந்தார். ஆறாம் நாள் காய்ச்சல், வயிறு உப்பல், மூச்சிரைப்பு. மறுநாள் ராத்திரி, 'உள்ளே லீக் ஆகிறது' என்று திரும்பவும் வயிற்றைத் திறந்து கழுவி, வலப்பக்கம் வயிற்றில் மலம் போக ஓட்டை போட்டு பை வைத்தார்கள். நாலு நாள் ஐசியு, மொத்தம் 26 நாள் ஆஸ்பத்திரி. ரிப்போர்ட்டில் மூன்றாம் கட்டம், 15 நெறிக்கட்டிகளில் 2-ல் புற்று இருந்ததாம். ஆறு வாரத்தில் தொடங்கவேண்டிய கீமோ பதினோராவது வாரம்தான் தொடங்கியது. கை கால் மரத்துப்போனதால் கடைசி இரண்டு தவணைக்கு டிரிப் இல்லாமல் மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். பிப்ரவரியில் முடிந்தது. இப்போது ஸ்கேனில் ஒன்றும் இல்லை. பை மட்டும் இன்னும் இருக்கிறது.

லீக் ஆனதால் புற்று திரும்ப வருமா? இரண்டு முறை திறந்ததால் காற்று பட்டுப் பரவும் என்கிறார் என் சித்தப்பா. டாக்டர் சரியாகத் தைக்கவில்லையா? பையை எப்போது எடுப்பார்கள்? அம்மா வேண்டாம் என்றபோது, ஆபரேஷனுக்கு அப்பாவைச் சம்மதிக்க வைத்தவள் நான். அது ஒன்றுதான் ராத்திரி தூங்க விடுவதில்லை. ஆடி மாதம் ஊரில் கோயில் கொடை. அப்பா பையோடு போகலாமா என்று கேட்கிறார்.

பதில்:

அன்புள்ள தாராவி வாசகிக்கு,

கடைசியில் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் புற்றை எடுக்காமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை, அப்படி விட்டவர்களைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கட்டி வளர்ந்து குடலை அடைக்கும். மலமும் காற்றும் வெளியேறாமல் வயிறு பானை மாதிரி வீங்கி, நள்ளிரவில் சயான் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு ஓடிவருவார்கள். அன்றைக்குச் செய்கிற ஆபரேஷன், திட்டமிட்டுச் செய்வதைவிடப் பல மடங்கு ஆபத்தானது. அப்போதும் பைதான் வைக்கவேண்டி வரும். உங்கள் அப்பாவுக்கு இருந்த நோய்க்கு, குணமாக்கும் நோக்கத்தோடு செய்யக்கூடிய சிகிச்சை ஆபரேஷன்தான். அதற்குத்தான் நீங்கள் அவரைச் சம்மதிக்க வைத்தீர்கள். நடந்தது ஆபரேஷனில் வரக்கூடிய ஒரு சிக்கல். அதை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ள இடமே இல்லை.

சித்தப்பாவின் காற்றையும் அனுப்பிவிடுவோம். காற்று பட்டுப் புற்று பரவாது. இந்த நம்பிக்கை எப்படி வந்திருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. முன்பெல்லாம் ஸ்கேன் இல்லாத காலத்தில் வயிற்றைத் திறந்து பார்த்துத்தான் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று தெரிந்துகொண்டார்கள். முற்றிப்போயிருந்தால் ஒன்றும் செய்யாமல் மூடிவிடுவார்கள். நோயாளி சில மாதத்தில் இறந்துபோவார். 'திறந்தார்கள், போய்விட்டார்' என்பது மட்டும் ஊரில் நின்றுவிட்டது.

ஆனால் சித்தப்பா சொன்னதில் ஒரு ஓரத்தில் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. காரணம் தவறு. கவலை முழுக்கத் தவறு இல்லை. அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

முதலில் என்ன நடந்தது என்று பார்ப்போம். கட்டி இருந்த குடல் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, மேல்முனையையும் கீழ்முனையையும் சேர்த்து இணைப்பார்கள். இப்போது பெரும்பாலும் ஸ்டேப்ளர் என்ற கருவியால், சிறுசிறு டைட்டானியம் ஊசிகளால் இணைப்பது வழக்கம். அந்த இணைப்பு ஆறுவதற்கு ரத்த ஓட்டம் வேண்டும், இழுவிசை இருக்கக்கூடாது, உடம்பில் ஆற்றுகிற சத்து இருக்கவேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் ஒரு சிறு இடம் பிரிந்து, குடலுக்குள் இருப்பது வயிற்றுக்குள் கசியும். பொதுவாக ஐந்தாம் நாளிலிருந்து எட்டாம் நாளுக்குள் இது தெரியவரும். அப்பாவுக்கு ஆறாம் நாள். பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும் நாள்.

'சரியாகத் தைக்கவில்லையா' என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். பெருங்குடலின் மேல்பகுதிகளில் செய்யும் இணைப்பு கசிவது குறைவு. ஆசனவாயை நெருங்க நெருங்க ஆபத்து கூடும். மலக்குடலில் நல்ல கைகளிலும் பத்தில் ஒருவருக்கு வரை கசியலாம். ஆண்களுக்கு இடுப்பெலும்புக் கூடு குறுகல் என்பதால் இன்னும் கொஞ்சம் அதிகம். புகைபிடிப்பவர், உடல் பருத்தவர், சத்துக் குறைந்தவர், கதிர்வீச்சு வாங்கியவர், ஆபரேஷனில் ரத்தம் ஏற்றவேண்டி வந்தவர் என்று பட்டியல் நீளும். அப்பா பீடி பிடிப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. துறைமுகத்தில் வேலை பார்த்த அவர் தலைமுறை ஆட்களில் பிடிக்காதவரைப் பார்ப்பது எனக்கு அபூர்வம். பிடிப்பவராக இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். பழையதைக் கிளறிக் குத்திக்காட்டவேண்டாம்.

என் நோயாளிகளுக்கும் கசிந்திருக்கிறது. கசிவே பார்த்ததில்லை என்று ஒரு சர்ஜன் சொன்னால், அவர் குடல் ஆபரேஷன் அதிகம் செய்ததில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். நான் இளம் டாக்டராக வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், ஐந்தாம் நாள் ஒரு நோயாளிக்கு நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டியது. காய்ச்சல் இல்லை. வயிறும் மெத்தென்றிருந்தது. வலியால் இருக்கும் என்று ஊசி போட்டுவிட்டு நகர்ந்தோம். மறுநாள் விடியும்போது அவருக்கு ரத்த அழுத்தம் விழுந்துவிட்டது. காய்ச்சலுக்கு முன்னால் நாடிதான் பேசும் என்பதை நான் கற்றுக்கொண்டது அந்த விடியற்காலையில். அவர் பிழைத்தார், ஆனால் இரண்டு மாதம் படுத்த படுக்கை.

அதனால், கசிந்ததா இல்லையா என்பதோடு, கசிந்ததை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தார்கள் என்பதையும் நான் பார்ப்பேன். உங்கள் அப்பாவுக்கு அறிகுறி வந்த மறுநாள் இரவே திறந்திருக்கிறார்கள். ராத்திரியிலேயே திறந்தது எனக்குப் பிடித்திருக்கிறது. காலை வரை பார்க்கலாம் என்று விட்டிருந்தால் கதை வேறு. முதல் ஆபரேஷனிலேயே பாதுகாப்புக்காகப் பை வைத்திருக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். ஸ்வீடனில் 234 பேரைக் கொண்டு நடத்தி 2007-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மலக்குடலில் மிகக் கீழே இணைப்பு போட்டவர்களுக்கு முன்கூட்டியே பை வைத்தபோது சுமார் 10 சதவீதம் பேருக்கும், வைக்காதபோது 28 சதவீதம் பேருக்கும் கசிவு தெரிந்தது. ஆகவே கீழே போடும் இணைப்புக்குப் பை வைப்பது வழக்கமாகிவிட்டது. உங்கள் அப்பாவுக்குக் கட்டி மேல்பகுதியில். அங்கே பல சர்ஜன்கள் பை வைக்காமல்தான் இணைப்பார்கள். வைக்கவில்லை என்பதை மட்டும் வைத்துக் குற்றம் சொல்ல முடியாது.

சரி, முக்கியமான கேள்விக்கு வருவோம். நீண்டகாலத்தில் இது என்ன செய்யும்?

செய்யும். அதை மறைத்து ஆறுதல் சொல்வதால் உங்களுக்கு லாபம் இல்லை. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில், குடல் ஆபரேஷன் உட்பட எட்டு வகைப் பெரிய ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 2005-இல் ஒரு கட்டுரை வெளியானது. ஆபரேஷனுக்கு முன்னால் ஒருவர் எவ்வளவு திடமாக இருந்தார் என்பதைவிட, முதல் 30 நாளில் அவருக்கு ஒரு சிக்கல் வந்ததா என்பதுதான் நீண்டகால ஆயுளில் அதிகம் பிரதிபலித்தது. அது வரை சிக்கல் என்றால், தப்பித்து வீட்டுக்குப் போய்விட்டால் முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

குடல் புற்றில் கசிவைப் பற்றி மட்டும் பார்த்த ஆய்வுகளும் உண்டு. 21 ஆய்வுகளை, சுமார் 22,000 நோயாளிகளை ஒன்றுசேர்த்து 2011-இல் வெளியான ஒரு தொகுப்பில், மலக்குடலில் கசிவு வந்தவர்களுக்கு அதே இடத்தில் புற்று திரும்பும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. கல்லீரல், நுரையீரல் என்று தூரத்தில் பரவுவதைக் கசிவு கூட்டுகிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை.

இரண்டு மடங்கு என்றதும் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொள்வதற்கு முன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நல்லபடியாகக் கட்டியை எடுத்தவர்களில் 100-க்கு 5 பேருக்கு அதே இடத்தில் திரும்பும் என்று ஒரு உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். இரண்டு மடங்கு என்றால் 10 பேர். மீதி 90 பேருக்கு அங்கே திரும்பவில்லை. ஆபத்து கூடியிருக்கிறது என்பதும் உண்மை, பெரும்பாலோருக்கு அது நடப்பதில்லை என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்வது கஷ்டம்தான்.

ஏன் கூடுகிறது? முழு விடை யாருக்கும் கிடைக்கவில்லை. குடலுக்குள் உதிர்ந்து கிடக்கும் புற்று செல்கள் கசிவு வழியாக வெளியே விழலாம் என்பது ஒரு கருத்து. சீழும் கிருமியும் பல நாள் உடம்பில் இருக்கும்போது எழுகிற அழற்சி, எங்காவது ஒளிந்திருக்கும் புற்று செல்லுக்கு வளரத் தோதான மண்ணாகிவிடுகிறது, உடம்பின் காவலும் அப்போது தளர்ந்திருக்கிறது என்பது இன்னொன்று. இவை இரண்டும் நடந்திருந்தால் நடந்துவிட்டன. இன்று அதில் நாம் செய்வதற்கு எதுவும் இல்லை.

மூன்றாவது வழி வேறு மாதிரி. சிக்கலால் கீமோ தாமதமாகிறது, அல்லது உடம்பு தேறாமல் கீமோவே கிடைக்காமல் போகிறது. ஆய்வுகளில் தெரியும் நஷ்டத்தில் ஒரு பங்கு இந்த வழியாக வருகிறது என்றே நான் நினைக்கிறேன். 15,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை வைத்து 2011-இல் வெளியான இன்னொரு தொகுப்பு, கீமோ தொடங்க ஒவ்வொரு நான்கு வாரம் தாமதத்துக்கும் இறப்பு ஆபத்து சுமார் 14 சதவீதம் கூடுவதாகச் சொன்னது. உங்கள் அப்பாவுக்கு ஐந்து வாரம் தாமதம். இதையும் ஆளெண்ணிக்கையாக மாற்றுகிறேன். தாமதமே இல்லாவிட்டால் ஐந்து வருடத்தில் 100 பேரில் 70 பேர் உயிரோடு இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டால், இந்தத் தாமதத்தில் அது 66, 67 ஆகும். இழப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தாமதமாகிவிட்டதே, இனி எதற்கு என்று கீமோவை விட்டவர்களின் இழப்பு இதைவிடப் பெரியது. நான் பார்த்தவரை பல குடும்பங்கள் அந்த இடத்தில்தான் கைவிடுகின்றன. 26 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த மனுஷனை மறுபடியும் ஊசிக்கு இழுத்துப்போக யாருக்கும் மனசு வராது. நீங்கள் இழுத்துப்போயிருக்கிறீர்கள். அப்பாவின் விஷயத்தில் நடந்த நல்ல காரியங்களில் அது முதலாவது.

கடைசி இரண்டு தவணையில் டிரிப்பை விட்டதைப் பற்றிக் கவலைப்படவேண்டாம். அந்த மருந்தின் பெயர் ஆக்ஸாலிபிளாட்டின். நரம்பைத் தொடுவது அதன் குணம். 12,000-க்கும் மேற்பட்ட பெருங்குடல் புற்று நோயாளிகளைக் கொண்டு 2018-இல் வெளியான பெரிய ஆய்வில், மூன்றாம் கட்டத்திலேயே ஆபத்துக் குறைந்த பிரிவினருக்கு, இந்த டிரிப்பும் மாத்திரையும் சேர்ந்த சிகிச்சை மூன்று மாதம் கொடுத்ததும் ஆறு மாதம் கொடுத்ததும் கிட்டத்தட்ட ஒரே பலனைத் தந்தன. 2 நெறிக்கட்டி என்பது, கட்டியும் குடல் சுவரைத் தாண்டி வெகுவாக ஊடுருவாமல் இருந்தால், அந்தப் பிரிவில் வரும். குறைந்தது 12 நெறிக்கட்டிகளாவது பார்த்திருக்கவேண்டும் என்பது விதி, 15 பார்த்திருக்கிறார்கள். அதுவும் நல்லதே. மரத்துப்போன விரல்கள் மெல்ல மெல்லத் தேறும், சிலருக்கு மிச்சம் இருந்துவிடும். அது வரை வீட்டுக்குள்ளும் செருப்புப் போட்டு நடக்கட்டும், அடுப்பில் பாத்திரம் எடுக்கவேண்டாம்.

இனி பை. வலப்பக்கம், தண்ணியாகப் போகிறது என்றால் அது சிறுகுடலில் வைத்த பை, இலியாஸ்டமி. இடப்பக்கம் வைத்து, குடலின் கீழ்முனையை உள்ளேயே மூடிவிட்டிருந்தால் திரும்ப இணைப்பது பெரிய ஆபரேஷன். அப்பாவுடையது பெரும்பாலும் அதே ஓட்டை வழியாக மூடிவிடக்கூடியது, சில நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். மூடுவதற்கு முன் பழைய இணைப்பு ஆறிவிட்டதா, சுருங்கி அடைத்திருக்கிறதா என்று தெரியவேண்டும். ஆசனவாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்ப்பார்கள். மருந்து செலுத்தி எக்ஸ்ரேயோ சிடியோ எடுப்பார்கள். கீமோ முடிந்து இரண்டு மாதம் ஆகிறது, இது கேட்கவேண்டிய நேரம். உங்கள் சர்ஜனிடம் தேதி கேளுங்கள், அவர்களாகக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காதீர்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கசிவு வந்தவர்களில் சிலருக்குப் பையை எடுக்கவே முடியாமல் போகிறது. அது தோல்வி இல்லை, சில நேரம் அதுதான் நிம்மதி.

எடுத்த பிறகும் குடல் பழையபடி இருக்காது. மலக்குடல் என்பது ஒரு தொட்டி. அதில் ஒரு பங்கை எடுத்துவிட்டோம், கசிவு ஆறிய இடத்தில் தழும்பும் விறைப்பும் வேறு. ஒரு நாளைக்கு ஆறு, எட்டு முறை போகவேண்டி வரலாம். போய்விட்டு வந்து உட்கார்ந்ததும் மறுபடி வரும். வந்தால் அடக்க முடியாது. தாராவியில் பொதுக் கழிப்பறை வரிசையில் நிற்கிற வீடா உங்களுடையது, வீட்டுக்குள்ளேயே இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. வரிசையில் நிற்கிற வீடு என்றால், பையை மூடும் தேதியை முடிவு செய்யும்போது இதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஸ்கேனில் இது தெரியாது. குர்லாவில் ரயில் மாறுவதற்குள் மூன்று முறை இறங்கவேண்டி வந்தது என்று ஒருவர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. முதல் ஒன்று, இரண்டு வருடத்தில் பெரும்பாலும் தணியும். லோபெரமைடு மாத்திரை, இடுப்புத்தளத் தசைப் பயிற்சி எல்லாம் உதவும். வெட்கப்பட்டு அப்பா சொல்லமாட்டார், நீங்கள்தான் கேட்கவேண்டும்.

பை இருக்கும் வரை பெரிய எதிரி நீர்ச்சத்து இழப்பு. மும்பை மே மாதப் புழுக்கத்தில் இலியாஸ்டமி நோயாளிகள் சிறுநீரகம் சுருண்டு ஐசியுவுக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன். பையில் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வந்தால் அதிகம் என்று அர்த்தம். அப்போது வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால் உப்பு இன்னும் வெளியே போகும். ஓஆர்எஸ், உப்புப் போட்ட கஞ்சி, உப்பு மோர் கொடுங்கள். சிறுநீர் குறைந்து மஞ்சளாகப் போனால், எழுந்து நின்றால் தலை சுற்றினால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். நார் மிகுந்ததையும் மெல்லாமல் விழுங்குவதையும் தவிருங்கள். தேங்காய்ச் சில்லு, பலாச்சுளை, நம்ம ஊர்ப் பனங்கிழங்கு எல்லாம் பை வாயில் போய் அடைத்துக்கொள்ளும். பனங்கிழங்கு இல்லாத பொங்கலா என்பார் அப்பா. பை மூடிய பிறகு சாப்பிடட்டும்.

இரண்டு முறை திறந்த வயிறு என்பதால் வேறு இரண்டு கணக்கும் இருக்கிறது. குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருடங்கள் கழித்தும் அடைப்பு வரலாம். விட்டுவிட்டு முறுக்கும் வலி, வாந்தி, பையில் பல மணி நேரம் ஒன்றுமே வராமை என்றால் வாயுத் தொல்லை என்று இஞ்சிச் சாறு கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். வெட்டிய இடத்தில் குடலிறக்கம் வரலாம். அதிகாலைத் தண்ணீர் வரும்போது குடம் தூக்கும் வேலையை யாராவது இளவட்டங்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

ஆனால் சும்மா உட்காரவைத்துவிடாதீர்கள். கீமோ முடித்த பெருங்குடல் புற்று நோயாளிகள் 889 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2025-இல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு மூன்று வருடம் பயிற்சியாளர் மேற்பார்வையில் உடற்பயிற்சி, மறு பாதிக்கு ஆரோக்கியம் பற்றிய புத்தகங்கள் மட்டும். எட்டு வருட முடிவில் பயிற்சி செய்தவர்களில் 90 சதவீதமும், மற்றவர்களில் 83 சதவீதமும் உயிரோடு இருந்தார்கள். ஒரு மாத்திரை இதைச் செய்திருந்தால் விலை லட்சத்தில் இருந்திருக்கும். அதில் மலக்குடல் நோயாளிகள் சேர்க்கப்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஆனாலும் என் நோயாளிகளுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். காலையில் மாஹிம் இயற்கைப் பூங்காவிலோ, மாட்டுங்கா ஐந்து தோட்டத்திலோ, மூச்சு கொஞ்சம் வாங்குகிற வேகத்தில் முக்கால் மணி நேரம், வாரத்தில் நாலு நாள். பத்து நிமிடத்தில் தொடங்கட்டும்.

கண்காணிப்பில் மட்டும் தளரக்கூடாது. திரும்புகிற புற்று பெரும்பாலும் முதல் மூன்று வருடத்துக்குள் திரும்பிவிடும். சிஇஏ என்ற ரத்தப் பரிசோதனை (புற்று திரும்பினால் இந்த அளவு கூடக்கூடும்) மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை, சிடி ஸ்கேன் வருடத்துக்கு ஒரு முறையாவது, இப்படி ஐந்து வருடம். ஆபரேஷன் முடிந்து ஒரு வருடத்தில் கொலோனோஸ்கோபி, அதாவது இந்த ஜூனில். அதே இடத்தில் திரும்பும் ஆபத்து அப்பாவுக்குக் கொஞ்சம் அதிகம் என்பதால், இடுப்புப் பகுதியைக் கவனித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தழும்புக்கும் புற்றுக்கும் வித்தியாசம் சிடியில் சில நேரம் தெரியாது, எம்ஆர்ஐ கேட்பார்கள். சீக்கிரம் கண்டால் திரும்பிய புற்றையும் சிலருக்கு எடுத்துவிட முடியும். சிஇஏ ஒரு முறை கொஞ்சம் கூடினால் உடனே அழவேண்டாம். பீடியும் அதைக் கூட்டும்.

இதற்கெல்லாம் காகிதம் வேண்டும். இரண்டு ஆபரேஷனின் குறிப்புகள், டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட், கீமோ அட்டவணை நான்கும் ஒரே கோப்பில் இருக்கட்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவக் குறிப்புகளைத் தரவேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் விதிமுறையே சொல்கிறது. சண்டை போடுவதற்காகச் சொல்லவில்லை. நாளைக்கு இன்னொரு டாக்டர் பார்க்கும்போது, 'ஏதோ லீக்காம்' என்பதற்கும், எந்த இடத்தில், எவ்வளவு பெரிய ஓட்டை, எப்படிச் சரிசெய்தார்கள் என்பதற்கும் மலையளவு வித்தியாசம். கோப்பைப் புரட்டும்போது, கட்டியில் எம்எம்ஆர் பரிசோதனை செய்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். பரம்பரையாக வரும் வகையா என்று அதில் ஒரு தடயம் கிடைக்கும். அது எப்படி இருந்தாலும், நீங்களும் உங்கள் உடன்பிறந்தவர்களும் 40 வயதில் கொலோனோஸ்கோபி பற்றி ஒரு டாக்டரிடம் பேசுங்கள். மலத்தில் ரத்தம் வந்தால் எந்த வயதானாலும் மூலம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

கடைசியாகக் கொடை. போகலாம், தாராளமாகப் போகட்டும். கொடைக்காகப் பையை மூடும் ஆபரேஷனை அவசரப்படுத்தவும் வேண்டாம். பரிசோதனை முடிந்து ஜூன் தொடக்கத்தில் தேதி கிடைத்தால் மூடிவிட்டுப் போகலாம், இல்லையென்றால் பையோடு போய்விட்டு வந்து மூடிக்கொள்ளலாம். சிகிச்சைக்கும் செக்கப்புக்கும் போய்வரும் புற்றுநோயாளிகளுக்கு ரயிலில் சலுகை உண்டு. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு முழுச் சலுகை, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம். கொடைக்கு அது பொருந்தாது, செக்கப்புக்கு வரும்போது மறக்காதீர்கள். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் கழிப்பறைப் பக்கத்துக் கீழ் பெர்த்தாகப் பாருங்கள். எத்தனை பை வேண்டும் என்று கணக்குப் போட்டு, அதைப்போல இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் அந்த அளவு கிடைக்காது. ஓட்டைக்குத் தக்கபடி, பையை வயிற்றில் ஒட்டும் பசைப்பலகையை வீட்டிலேயே வெட்டிவைத்துக்கொள்ளுங்கள், ஓடுகிற ரயிலில் கத்தரிக்கோல் பிடிக்கவேண்டாம். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிடட்டும். பழகுவதற்குச் சிரமமாக இருந்தால், மும்பையிலேயே இயங்கும் ஆஸ்டமி அசோசியேஷன் ஆஃப் இந்தியாவில் பையோடு பல வருடம் வாழ்ந்தவர்களே உட்காரவைத்துச் சொல்லித்தருவார்கள். கூட்டத்தில் வேட்டியை பைக்கு மேலே இறுக்கிக் கட்டாமல் கொஞ்சம் கீழே கட்டச் சொல்லுங்கள், மேலே ஒரு தளர்ந்த சட்டை. படைப்புச் சோறு சாப்பிடலாம். தேங்காய்ச் சில்லை மட்டும் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துவிடட்டும்.